வடுவைத் தேடிய சட்டம்

இந்தியத் தண்டனைச் சட்டம் 1860-இல் இயற்றப்பட்டு 1862 சனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தபோது, பெண்ணின்மீது நிகழும் பாலியல் அத்துமீறலை அது மூன்று படிகளாகப் பிரித்து வைத்திருந்தது. சொல்லாலோ சைகையாலோ பெண்ணை இழிவுபடுத்துவதைக் குற்றமாக்கிய 509-ஆம் பிரிவு கீழ்ப்படி. அதற்கு உச்சத் தண்டனை ஓராண்டு வெறுங்காவல். பெண்ணின் நாணத்துக்குப் பங்கம் விளைவிக்கும் நோக்குடன் அவள்மீது வன்முறையைப் பயன்படுத்துவதைத் தண்டித்த 354-ஆம் பிரிவு நடுப்படி. நீதிமன்றப் பேச்சில் மானபங்கம் எனப்படும் இக்குற்றத்துக்கு அதிகபட்சம் ஈராண்டுச் சிறை, அதையும் வெறும் அபராதமாகக் குறைத்துக்கொள்ள நீதிபதிக்கு இடமிருந்தது. மேற்படியில் வல்லுறவு பற்றிய 375, 376 ஆகிய பிரிவுகள் நின்றன. பத்தாண்டு வரையான சிறையோ ஆயுள்காலத் தீவாந்தரமோ விதிக்கத்தக்க அக்குற்றம் நிகழ்ந்ததாகக் கொள்வதற்கு, ஆணுறுப்பு பெண்ணுறுப்பினுள் நுழைந்திருக்க வேண்டும் என்பது இன்றியமையாத நிபந்தனையாக இருந்தது.

இந்தப் படிவரிசை ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு அடிப்படையில் மாறாமல் நீடித்தது. முயற்சிக் குற்றத்துக்கான பொதுவிதியை விட்டால், ஈராண்டுக்கும் ஆயுள் தண்டனைக்கும் இடைப்பட்ட அகன்ற வெளியில் வேறெந்தக் குற்றத்துக்கும் பெயர் இல்லை. ஒரு குழந்தையை வீட்டிலுள்ள பெரியவர் ஐந்தாண்டுக் காலம் நாள்தோறும் தொட்டுத் துன்புறுத்தியிருந்தாலும், விரலாலோ ஒரு பொருளாலோ அவளது உடலைக் கிழித்திருந்தாலும், அச்செயல் நடுப்படியைத் தாண்டி மேலேறாது. எத்தனை முறை நிகழ்ந்தது, செய்தவர் யார், பாதிக்கப்பட்டவரின் பிற்கால வாழ்வு என்னவாயிற்று என்பவை குற்றத்தின் இலக்கணத்துக்குள் வரவில்லை. தண்டனையின் அளவைத் தீர்மானிக்கும்போது நீதிபதி விரும்பினால் கருதக்கூடிய புறச்செய்திகளாக மட்டுமே அவை இருந்தன. ஆண் குழந்தைகளின் நிலை இன்னும் மோசம். அவர்களுக்கு எஞ்சியது இயற்கைக்கு மாறான உறவைத் தண்டித்த 377-ஆம் பிரிவு ஒன்றே. அப்பிரிவுக்கு இசைவு ஒரு பொருட்டாக இல்லாததால், விரும்பி உறவுகொண்ட இரு பெரியவர்களும் ஒரு சிறுவனை வலிந்து துன்புறுத்தியவனும் ஒரே குற்றத்தைச் செய்தவர்களாகவே கருதப்பட்டனர். சிறுவனுக்கு இழைக்கப்பட்ட தீங்கு எங்கும் பெயர் பெறவில்லை.

படிவரிசை ஒரு பக்கம் என்றால், மெய்ப்பிக்கும் முறை மறுபக்கம். வல்லுறவுக் குற்றச்சாட்டைச் சுமத்துவது எளிது, மெய்ப்பிப்பது அரிது, குற்றமற்றவர் அதிலிருந்து தப்புவது அதனினும் அரிது என்று 17-ஆம் நூற்றாண்டின் இங்கிலாந்துத் தலைமை நீதிபதி மாத்யூ ஹேல் எழுதிவைத்த எச்சரிக்கை, அவர் இறந்து அறுபது ஆண்டுகள் கழித்து 1736-இல் அச்சேறி, பேரரசு சென்ற இடமெல்லாம் உடன்சென்றது. இந்தியாவில் அதற்கு மருத்துவ உருவம் கொடுத்தவை நீதிமன்ற மருத்துவ நூல்கள். 1856-இல் நார்மன் செவர்ஸ் வெளியிட்ட கையேடும், 1920-இல் முதற்பதிப்புக் கண்டு இன்றுவரை மறுபதிப்பாகிவரும் ஜெய்சிங் மோடியின் பாடநூலும் இவ்வகையில் பெரிதும் செல்வாக்குப் பெற்றவை. பெண் உண்மையாகவே எதிர்த்திருந்தால் அவள் உடலில் நகக்கீறலும் கன்றிப்போன தடமும் இருக்கும் என்றும், கன்னிச்சவ்வின் நிலையையும் உறுப்பில் எத்தனை விரல்கள் நுழைகின்றன என்பதையும் பார்த்து அவளது பழைய வாழ்க்கையைக் கணித்துவிடலாம் என்றும் மருத்துவர்கள் பயிற்றுவிக்கப்பட்டனர். இருவிரல் சோதனை எனப் பின்னாளில் அறியப்பட்ட இம்முறைக்கு அறிவியல் அடிப்படை எதுவும் இல்லை. 1872-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் தன் 155-ஆம் பிரிவில், புகார் கூறும் பெண் பொதுவாக ஒழுக்கக்கேடானவள் என்று காட்டி அவளது சாட்சியத்தைச் செல்லாததாக்க எதிர்த்தரப்புக்கு உரிமை அளித்தது. அந்த உட்பிரிவு 2002-ஆம் ஆண்டின் திருத்தச் சட்டத்தால்தான் நீக்கப்பட்டது. ஆக, தீங்கின் கடுமையை அறிய விரும்பிய நீதிமன்றம் தேடியது இரண்டு: உடலில் ஒரு வடு, வாழ்க்கையில் ஒரு மாசின்மை. இவ்விரண்டும் இல்லாதவருக்கு நேர்ந்தது எதுவானாலும் அது சிறியதாகவே எண்ணப்பட்டது.

உடல் வடு மட்டுமே பேசக்கூடிய சாட்சியாக இருந்த காலத்தின் மிகக் கொடிய எடுத்துக்காட்டு 1889-இல் கல்கத்தாவில் நிகழ்ந்தது. ஏறத்தாழ பதினொரு வயதான புல்மணி தாசி என்ற சிறுமி, தன்னைவிடப் பல ஆண்டுகள் மூத்தவனான கணவன் ஹரி மோகன் மைத்தி வலிந்து உறவுகொண்டதால் ஏற்பட்ட இரத்தப்போக்கில் உயிரிழந்தாள். அன்றைய தண்டனைச் சட்டத்தில் இசைவு வயது பத்து. மனைவி பத்து வயதைக் கடந்தவளாக இருந்தால் கணவனின் செயல் வல்லுறவாகாது. எனவே வல்லுறவுக் குற்றச்சாட்டுக்கே அங்கு இடமில்லாமல் போயிற்று. பிறர் உயிருக்கு ஆபத்து விளைவிக்கும் வகையில் கண்மூடித்தனமாக நடந்து கொடுங்காயம் ஏற்படுத்திய குற்றத்துக்காக மட்டும் அவனுக்கு ஓராண்டுக் கடுங்காவல் விதிக்கப்பட்டது. ஒரு குழந்தையின் மரணம், கவனக்குறைவாக வண்டி ஓட்டியவன் செய்த பிழையின் வரிசையில் பதிவாயிற்று.

இவ்வழக்கு எழுப்பிய அதிர்ச்சியில், இந்தியாவில் பணியாற்றிய பெண் மருத்துவர்கள் பலர் கையெழுத்திட்டு, தாங்கள் மருத்துவம் பார்த்த குழந்தை மனைவியரின் காயங்களை விவரித்து வைசிராய்க்கு மனு அனுப்பினர். ஆண்ட்ரூ ஸ்கோபிள் கொண்டுவந்த மசோதா 1891 மார்ச் மாதம் சட்டமாகி இசைவு வயதைப் பன்னிரண்டாக உயர்த்தியது. திலகர் உள்ளிட்ட பலர் அதனை அந்நிய அரசு சமயத்துக்குள் தலையிடுவதாகக் கண்டித்தனர். அந்த விவாதம் பற்றி நிறையவே எழுதப்பட்டுள்ளது. ஆயினும் ஆதரித்தோரும் எதிர்த்தோரும் ஒரு செய்தியில் ஒன்றுபட்டிருந்தனர் என்பது போதிய கவனம் பெறவில்லை. குழந்தையின் உடல் தாங்குமா என்பதே இரு தரப்பும் கேட்ட கேள்வி. எலும்பும் தசையும் முதிர்ந்துவிட்டால் தீங்கு இல்லை என்ற முடிவு அக்கேள்விக்குள்ளேயே அடங்கியிருந்தது. அச்சத்தோடு ஒவ்வோர் இரவையும் கழித்து உயிரோடு எஞ்சிய ஆயிரமாயிரம் சிறுமியரின் மனநிலையைப் பதிவதற்கு அந்நாளைய மருத்துவத்திடமோ சட்டத்திடமோ சொற்கள் இருக்கவில்லை. இசைவு வயது 1925-இல் பதினான்காகவும் 1949-இல் பதினாறாகவும் உயர்ந்தபோதும், மணவாழ்வுக்குள் அது ஓராண்டு குறைவாகவே, முறையே பதின்மூன்றாகவும் பதினைந்தாகவும் வைக்கப்பட்டது. பதினைந்து வயதுக்கும் பதினெட்டுக்கும் இடைப்பட்ட மனைவியரைப் பாதுகாப்பின்றி விட்டிருந்த அந்த விலக்கை உச்ச நீதிமன்றம் 2017 அக்டோபரில்தான் அகற்றியது.

நாணம் என்ற அளவுகோல் எவ்வளவு தூரம் தடுமாறக்கூடியது என்பதை, விடுதலைக்குப் பின் பஞ்சாபிலிருந்து வந்த ஒரு வழக்கு வெளிப்படுத்தியது. ஏழரை மாதக் கைக்குழந்தை ஒன்றின் பிறப்புறுப்பில் மேஜர் சிங் என்பவன் விரலால் காயம் ஏற்படுத்தினான். ஆணுறுப்பு நுழையாததால் அது வல்லுறவாகவில்லை. மானபங்கமாவது ஆகுமா என்ற கேள்வி எழுந்தபோது, தன் பாலை உணரும் வயதை எட்டாத குழந்தைக்கு நாண உணர்வு இருக்க இயலாது, இல்லாத ஒன்றுக்குப் பங்கம் நேர இயலாது என்று உயர் நீதிமன்றத்தின் பெரும்பான்மை நீதிபதிகள் கருதி, சாதாரணக் காயம் விளைவித்த குற்றத்துக்கு மட்டுமே அவனைத் தண்டித்தனர். உச்ச நீதிமன்றம் 1966-இல் இத்தீர்ப்பை மாற்றி, பெண்ணாகப் பிறந்த கணத்திலிருந்தே அந்தப் பண்பு அவளுக்கு உண்டு என்று கூறி 354-ஆம் பிரிவின்கீழ் தண்டித்தது. அங்கும் தலைமை நீதிபதி சர்க்கார் மாறுபட்டார்.

முடிவு நல்லதுதான் என்றாலும், அதை எட்டிய வழி வருந்தத்தக்கது. நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றத்தில் மூன்று நீதிபதிகள் கூடி, கிழிபட்ட ஒரு குழந்தையின் வலியை ஆராய்வதற்கு மாறாக, அதற்கு நாணம் உண்டா என்று வாதிட நேர்ந்தது அவர்களின் தனிப்பட்ட குறையால் அன்று. தீங்கை வேறு எவ்வகையிலும் பேச இயலாதபடி 1860-இன் சொற்கள் அவர்களைக் கட்டிவைத்திருந்தன.

மேற்படியில் நின்ற வழக்குகளிலும் வடுவின் ஆட்சியே நடந்தது. 1972 மார்ச் 26 இரவு, மராட்டிய மாநிலம் சந்திரபூர் மாவட்டத்துத் தேசாய்கஞ்ச் காவல் நிலையத்தில், மதுரா என்று சட்ட வரலாறு அறியும் பழங்குடிச் சிறுமி ஒருத்தி விசாரணைக்குப் பின் நிறுத்திவைக்கப்பட்டு, பணியிலிருந்த காவலர் ஒருவரால் வல்லுறவுக்கும் மற்றொருவரால் அத்துமீறலுக்கும் ஆளாக்கப்பட்டாள். அவளுடைய உறவினர்கள் வெளியே காத்திருந்தனர். 1974-இல் அமர்வு நீதிமன்றம் இருவரையும் விடுவித்தது. அவள் முன்பே உறவுக்குப் பழகியவள் என்ற மருத்துவச் சான்று அதற்குக் காரணமாயிற்று. பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாக்பூர்க் கிளை, அச்சத்தால் அடங்கிப்போவதும் இசைவதும் வேறு வேறு என்று தெளிவாகப் பிரித்துக்காட்டி, ஒருவருக்கு ஐந்தாண்டும் மற்றவருக்கு ஓராண்டும் சிறை விதித்தது. 1978 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை ரத்துசெய்தது. அவள் உடலில் காயம் எதுவும் இல்லை, அவள் உரக்கக் கூவியதற்குச் சான்று இல்லை, ஆகவே நிகழ்ந்தது அமைதியாக நிகழ்ந்தது என்பது அதன் முடிவு.

இம்முடிவை எதிர்த்து 1979 செப்டம்பரில் உபேந்திர பக்ஷி, லோத்திகா சர்க்கார், வசுதா தாகம்வார், ரகுநாத் கேல்கர் ஆகிய நான்கு சட்டப் பேராசிரியர்கள் தலைமை நீதிபதிக்கு எழுதிய திறந்த கடிதம் இந்தியப் பெண்கள் இயக்கத்தின் திருப்புமுனையாயிற்று. இரவில், பூட்டிய காவல் நிலையத்தில், சீருடையணிந்த இருவர்முன் ஓர் ஏழைப் பழங்குடிச் சிறுமி எவ்வாறு போராடியிருக்க வேண்டும் என்று நீதிமன்றம் எதிர்பார்க்கிறது என அவர்கள் வினவினர். பின்னாளில் மருத்துவ ஆய்வும் அவர்கள் பக்கமே நின்றது. ஸ்டாக்ஹோம் நகரின் வல்லுறவு அவசர மருத்துவமனைக்கு வந்த 298 பெண்களை ஆராய்ந்து 2017-இல் வெளிவந்த கட்டுரை, அவர்களில் நூற்றுக்கு 70 பேர் நிகழ்வின்போது கணிசமான அளவுக்கு உடல் உறைந்துபோயினர் என்று கண்டது. பேரச்சத்தில் கைகால் அசையாமலும் குரல் எழாமலும் உடல் தானாகவே விறைத்துப்போகும் இந்த உறைநிலை மன உறுதியால் வெல்லக்கூடியதன்று. அவ்வாறு உறைந்தவர்களுக்கே பின்னாளில் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனக்கோளாறும் கடும் மனச்சோர்வும் வரும் வாய்ப்பு மிகுதி என்பதையும் அந்த ஆய்வு காட்டியது. அஃதாவது, எதிர்ப்பின் தடம் இல்லாத உடலைக் கண்டு தீங்கு சிறிது என நீதிமன்றங்கள் முடிவுசெய்த இடங்களில், தீங்கு பெரிதாக இருந்திருக்கக்கூடும். வல்லுறவு வழக்குகளின் வரலாற்றில் இதைவிடத் துயரமான தலைகீழ்க் கணக்கு வேறில்லை.

இத்தகைய மனவிளைவுகளை முறையாகப் பதிவுசெய்யும் முயற்சி மதுராவின் வழக்கு நடந்த அதே ஆண்டுகளில் அமெரிக்காவில் தொடங்கியது. பாஸ்டன் நகர மருத்துவமனைக்கு வந்த 92 பெண்களைச் செவிலியர் கல்வியாளர் ஆன் பர்ஜெஸும் சமூகவியலாளர் லிண்டா ஹோம்ஸ்ட்ராமும் தொடர்ந்து சந்தித்து 1974-இல் தம் முடிவுகளை வெளியிட்டனர். முதல் சில வாரங்களின் குலைவு ஒரு கட்டம், வீடு மாறுதல், கொடுங்கனவு, தனிமையச்சம் எனப் பல மாதங்கள் நீளும் மறுசீரமைவு இன்னொரு கட்டம் என்று அவர்கள் பிரித்தனர். அழுது அரற்றுவோரும், முகத்தில் சலனமே காட்டாமல் அமைதியாக அமர்ந்திருப்போரும் ஏறத்தாழ ஒரே எண்ணிக்கையில் இருந்ததையும் குறித்தனர். சாட்சிக் கூண்டில் ஒரு பெண் அழவில்லை என்பதைக் கொண்டு அவள் பெரிதாகப் பாதிக்கப்படவில்லை எனக் கருதும் வழக்கம், இன்றும் முற்றாக மறையாத வழக்கம், இந்த ஒரே குறிப்பின்முன் நிற்க இயலாதது. வியட்நாம் போரிலிருந்து திரும்பிய வீரர்களின் துயரமும் இவ்வாறான ஆய்வுகளும் சேர்ந்து, 1980-இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோய்ப்பட்டியலில் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனக்கோளாறு இடம்பெற வழிவகுத்தன.

குழந்தைகளைப் பற்றிய ஆய்வு இன்னும் நுட்பமான ஒரு படத்தைத் தந்தது. டேவிட் ஃபிங்கல்ஹோரும் ஏஞ்சலா பிரௌனும் 1985-இல், சிறுவயதுப் பாலியல் கொடுமை மனத்தைச் சிதைக்கும் வழிகளை நான்காகப் பகுத்தனர். வயதுக்கு ஒவ்வாத பாலுணர்வு குழந்தைமீது திணிக்கப்படுவது முதலாவது. நம்பியவரே ஏமாற்றிய துரோகம் இரண்டாவது. தானே இழிந்தவன் அல்லது இழிந்தவள் என்ற களங்க உணர்வு மூன்றாவது. தன் உடல்மீதே தனக்கு அதிகாரம் இல்லை என்னும் கையறுநிலை நான்காவது. இந்த நான்கில் எதுவும் உடலில் தெரியும் காயத்தைச் சார்ந்ததன்று. தந்தையோ மாமனோ ஆடையின்மேல் கைவைத்த ஒரு செயலில் துரோகமும் களங்கமும் முழு அளவில் இருக்கக்கூடும். அறிமுகமற்றவன் ஒருவனின் கடும் தாக்குதலில் இருந்து மீண்ட குழந்தையைத் தாய் அணைத்து நம்பியிருந்தால் களங்க உணர்வு வேரூன்றாமலே போகக்கூடும். 1993-இல் 45 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த கென்டால்-டாக்கெட், வில்லியம்ஸ், ஃபிங்கல்ஹோர் ஆகியோர், செயலின் தன்மை, வன்முறையின் அளவு, எத்தனை முறை, எத்தனை காலம், செய்தவருடனான உறவு, தாயின் ஆதரவு ஆகிய அனைத்தும் பாதிப்பின் அளவோடு தொடர்புடையவை என்று கண்டனர். மூன்றில் ஒரு பங்குக் குழந்தைகளிடம் ஆய்வின்போது புறத்தே தெரியும் அறிகுறி எதுவும் இல்லை என்பதும் அத்தொகுப்பின் முடிவுகளுள் ஒன்று.

இவ்விடத்தில் ஒரு தெளிவு வேண்டும். செயலின் கடுமைக்கும் விளைவுக்கும் தொடர்பே இல்லை என்று இந்த ஆய்வுகள் கூறவில்லை. உட்புகும் வன்முறை சராசரியாக ஆழமான துன்பத்தையே விட்டுச்செல்கிறது. செயலை மட்டும் பார்த்து இன்னாருக்கு இவ்வளவு வலி என்று முன்கூட்டி எழுதிவிட இயலாது என்பதே அவை நிலைநாட்டிய உண்மை. சிறிய செயலால் பெரிதும் குலைந்தவர் மிகைப்படுத்துகிறார் என்றோ, பெரிய கொடுமைக்குப் பின்னும் படித்து, வேலைக்குச் சென்று, சிரித்து வாழ்பவர் பொய்யுரைக்கிறார் என்றோ கூறுவதற்கு யாருக்கும் உரிமையில்லை. குற்றத்தின் அளவு செய்தவரைப் பற்றியது; பாதிப்பின் அளவு பாதிக்கப்பட்டவரைப் பற்றியது. அறிகுறி தெரியாத அந்த மூன்றில் ஒரு பங்குக் குழந்தைகள், தமக்கு இழைக்கப்பட்ட குற்றத்தைச் சிறிதாக்கிவிடுவதில்லை.

இந்தியச் சட்டம் இதை நோக்கி நகர்ந்த பாதை நேரானதாக இல்லை. மதுரா வழக்கின் விளைவான 1983-ஆம் ஆண்டின் திருத்தம் வல்லுறவுக்கு ஏழாண்டு, காவலில் நிகழும் வல்லுறவுக்குப் பத்தாண்டு எனக் குறைந்தபட்சத் தண்டனையை வகுத்தது. காவலர், மருத்துவமனைப் பணியாளர், சிறை அலுவலர் போன்றோர் செய்த குற்றங்களில் பெண் இசையவில்லை என்று கூறினால் அதையே உண்மையெனக் கொள்ளவேண்டும் என்றது. பாதிக்கப்பட்டவரின் பெயரை வெளியிடுவதைக் குற்றமாக்கியது. அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்துவது தீங்கைக் கூட்டுகிறது என்பது முதன்முறையாகத் தண்டனைச் சட்டத்தின் படிவரிசைக்குள் நுழைந்தது அப்போதுதான். ஆனால் அதே 1983-இல், குஜராத்தில் இரு சிறுமியர்மீது நிகழ்ந்த குற்றம் பற்றிய போகின்பாய் வழக்கில், பாதிக்கப்பட்டவரின் சொல்லுக்கு வேறு துணைச்சான்று தேவையில்லை என்ற சிறந்த முடிவை உச்ச நீதிமன்றம் வழங்கியபோது, கட்டுப்பாடான இந்தியச் சமூகத்துப் பெண் தன் மானத்தைப் பணயம் வைத்துப் பொய்ப்புகார் கூறமாட்டாள் என்பதை அதற்குக் காரணமாகக் காட்டியது. மானத்தைப் பெரிதாக மதிக்காதவள் என்று கருதப்படும் பெண்ணுக்கு இந்த வாதம் எந்தப் பாதுகாப்பும் தராது. 1996-இல் குர்மீத் சிங் வழக்கில், மாணவி ஒருத்தியின் ஒழுக்கத்தைப் பழித்து எதிரிகளை விடுவித்த கீழமை நீதிமன்றத்தைக் கண்டித்து, புகாரில் ஏற்படும் தாமதத்தைக்கூடக் குடும்பத்தின் தயக்கமாகப் புரிந்துகொள்ள வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கூறிய பிறகே நிலைமை சற்று மாறியது.

மானம் என்ற அளவுகோலின் கடைசி வேர் திருமணத்தில் ஓடுகிறது. பாதிக்கப்பட்டவளைக் குற்றவாளியே மணந்துகொண்டால் தீங்கு ஆறிவிடும் என்ற ஊர்ப் பஞ்சாயத்து நம்பிக்கை நீதிமன்றங்களையும் தொட்டதுண்டு. 2015-இல் சென்னை உயர் நீதிமன்றம் கடலூர் மாவட்ட வழக்கு ஒன்றில், சிறுமியாக இருந்தபோது வல்லுறவுக்கு ஆளாகிக் குழந்தை பெற்ற பெண்ணுடன் சமரசம் பேசுவதற்காகக் குற்றவாளிக்குப் பிணை வழங்கியது. அப்பெண் அதனைப் பொதுவெளியில் மறுத்துப் பேசினார். அதே சமயத்தில், வல்லுறவு வழக்கில் சமரசத்துக்கே இடமில்லை என்று உச்ச நீதிமன்றம் மத்தியப் பிரதேச வழக்கொன்றில் திட்டவட்டமாக அறிவித்தது. சென்னையின் ஆணையும் திரும்பப் பெறப்பட்டது.

தருமபுரி மாவட்டத்து வாச்சாத்தியின் வழக்கு, தீங்கைத் தனியொரு பெண்ணின் உடலில் நிகழ்ந்த தனியொரு செயலாக அளக்கும் முறையின் போதாமையை வேறு வகையில் காட்டியது. 1992 சூன் 20 அன்று சந்தனக்கட்டை தேடுதல் என்ற பெயரில் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் அம்மலைக் கிராமத்துக்குள் புகுந்து வீடுகளைச் சூறையாடினர். ஆண்களும் பெண்களும் அடித்து இழுத்துச் செல்லப்பட்டனர். 18 பெண்கள் வல்லுறவுக்கு ஆளாயினர். வழக்கில் சேர்க்கப்பட்ட அரசு ஊழியர்கள் 269 பேர். 2011 செப்டம்பரில் தருமபுரி அமர்வு நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது அவர்களில் 54 பேர் இறந்துவிட்டிருந்தனர். எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் எனக் காணப்பட்டனர், அவர்களில் 17 பேர் வல்லுறவுக் குற்றத்துக்காக. உயர் நீதிமன்றம் அதனை உறுதிசெய்து, பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலா பத்து இலட்சம் ரூபாய் வழங்க ஆணையிட்டது 2023-இல். இடைப்பட்ட முப்பத்தோர் ஆண்டுகளில் அப்பெண்கள் அடையாள அணிவகுப்புகளிலும் நீதிமன்ற வாயில்களிலும் மீண்டும் மீண்டும் அதே நாளைச் சொல்லிக்கொண்டிருந்தனர். கிராமமே சிதைந்ததால், ஒருவரையொருவர் தேற்றும் சுற்றமும் அவர்களுக்கு நெடுநாள் இல்லாமல் இருந்தது. காலத்தாழ்வும் நம்பப்படாமையும் பாதிப்பின் பகுதிகளே என்று ஆய்வாளர்கள் சொல்வதற்கு வாச்சாத்தியைவிடப் பெரிய சான்று தமிழ்நாட்டில் இல்லை.

குழந்தைகளின் நிலை எண்களாக வெளிப்பட்டது 2007-இல். மத்திய பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் நடத்திய ஆய்வு, பாலியல் கொடுமையைக் கடுமையான வடிவங்கள், பிற வடிவங்கள் என இரண்டாகப் பிரித்துக் கேட்டது. ஏதேனும் ஒரு வடிவத்தை எதிர்கொண்டதாக நூற்றுக்கு 53 பேர் கூறினர்; கடுமையான வடிவங்களுக்கு ஆளானோர் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல். பாதிக்கப்பட்டவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் ஆண் குழந்தைகள் என்பதும், அத்துமீறியவர்களில் பாதிப்பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள் என்பதும், பெரும்பாலான குழந்தைகள் யாரிடமும் சொல்லவே இல்லை என்பதும் 1860-இன் படிவரிசை எவ்வளவு பெரிய பகுதியைக் காணாமல் விட்டிருந்தது என்பதைக் காட்டின.

2012 நவம்பர் 14 அன்று நடைமுறைக்கு வந்த போக்சோ சட்டம், அஃதாவது பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம், அந்தப் படிவரிசையை மாற்றி எழுதியது. பதினெட்டு வயதுக்குட்பட்ட ஆண், பெண் குழந்தைகள் அனைவரையும் அது உள்ளடக்கியது. உட்புகும் தாக்குதல் என்பதற்குள் வாயும் விரலும் பொருளும் வந்தன. அதன்கீழ் உட்புகாத தாக்குதல், பாலியல் தொந்தரவு என்ற படிகள் வகுக்கப்பட்டன. பேராசிரியர்களும் குழந்தை மனநல மருத்துவர்களும் பல்லாண்டு சொல்லிவந்தவை அதன் கொடுங்குற்றப் பட்டியலில் இடம்பெற்றன. ஒரே வீட்டில் வாழும் உறவினர், நம்பிக்கைக்குரிய பொறுப்பில் இருப்பவர், பள்ளி ஊழியர் ஆகியோர் செய்தால் தண்டனை கூடும். மீண்டும் மீண்டும் செய்தாலும் கூடும். உட்புகும் தாக்குதலால் குழந்தை மனநோய்க்கு ஆளானால் அதுவும் குற்றத்தைக் கடுமையாக்கும். மேஜர் சிங்கின் செயல் இச்சட்டத்தின்கீழ் நிகழ்ந்திருந்தால், குழந்தையின் நாணத்தைப் பற்றி எவரும் பேசவேண்டிய தேவையே எழாமல், மேற்படியிலேயே அவன் நின்றிருப்பான். அதற்கடுத்த ஆண்டில், தில்லியில் ஓடும் பேருந்தில் நிகழ்ந்த கூட்டு வல்லுறவைத் தொடர்ந்து நீதிபதி வர்மா தலைமையிலான குழு அளித்த அறிக்கையின் பின்னணியில், பெரியவர்களுக்கான 375-ஆம் பிரிவும் விரிவாக்கப்பட்டது. பின்தொடர்தல், மறைந்திருந்து பார்த்தல், ஆடை களைதல் ஆகியவை தனிக் குற்றங்களாயின. இருவிரல் சோதனை பெண்ணின் கண்ணியத்தை மீறுவது என்று உச்ச நீதிமன்றம் 2013-இலும், அதை இனியும் செய்பவர்கள் தவறிழைத்தவர்களாகக் கருதப்படுவர் என்று 2022-இலும் கூறியது.

பழைய அளவுகோல் அவ்வளவு எளிதில் கைவிடப்படவில்லை. 2021 சனவரியில் நாக்பூரில், பன்னிரண்டு வயதுச் சிறுமியின் மார்பை ஆடையின்மேல் அழுத்திய ஒருவரின் செயல், தோலோடு தோல் படாததால் போக்சோவின் பாலியல் தாக்குதல் ஆகாது என்று உயர் நீதிமன்றத் தனிநீதிபதி ஒருவர் முடிவுசெய்து, மூன்றாண்டுத் தண்டனையைப் பழைய மானபங்கப் பிரிவின் ஓராண்டாகக் குறைத்தார். அதே ஆண்டு நவம்பரில் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கி, தொடுதலின் பின்னுள்ள பாலியல் நோக்கமே குற்றத்தின் சாரம் என்றது. துணி ஒன்று இடையில் இருந்ததா என்று பார்த்துக் குழந்தையின் அச்சத்தை அளக்க முயன்ற அத்தீர்ப்பு சனவரியிலேயே உச்ச நீதிமன்றத்தால் நிறுத்திவைக்கப்பட்டாலும், முற்றாக நீக்கப்படப் பத்து மாதங்கள் ஆயின.

பாதிப்பை உண்மையில் எவை கூட்டுகின்றன என்ற அறிவு முழுமையாக எழுத்தில் ஏறிய இடம், வியப்புக்குரிய வகையில், தண்டனைப் பிரிவுகளில் இல்லை. இழப்பீட்டு விதிகளில் உள்ளது. போக்சோ விதிகள், குழந்தைக்குரிய இழப்பீட்டை நிர்ணயிக்கும் நீதிமன்றம் உடல், மனத் தீங்கின் அளவையும், படிப்பு இழந்ததையும், குற்றவாளியுடனான உறவையும், நிகழ்வு ஒருமுறையோடு நின்றதா, நீடித்ததா என்பதையும், கருத்தரிப்பையும் நோய்த்தொற்றையும் ஒவ்வொன்றாகக் கருதவேண்டும் என்கின்றன. குற்றவாளி விடுவிக்கப்பட்டாலும், கண்டுபிடிக்கப்படாமலே போனாலும் இழப்பீடு வழங்க அவை இடம் தருகின்றன. பெண்களுக்காகத் தேசியச் சட்டப்பணிகள் ஆணைக்குழு 2018-இல் வகுத்த திட்டமும் இதே காரணிகளைப் பட்டியலிட்டது. ஆயினும் அதன் தொகை அட்டவணையில் வல்லுறவுக்கு நான்கு முதல் ஏழு இலட்சமும், மறுவாழ்வு தேவைப்படும் மனப்பாதிப்புக்கு ஒன்று முதல் இரண்டு இலட்சமும் என வரையறுக்கப்பட்டுள்ளன.

2024 சூலை முதல் நாள் 1860-இன் சட்டம் விடைபெற்று, பாரதிய நியாய சன்ஹிதா அதன் இடத்துக்கு வந்தது. வல்லுறவுப் பிரிவிலிருந்து கணவனுக்கு அளிக்கப்பட்ட விலக்கு, மனைவி பதினெட்டு வயது நிறைந்தவளாக இருக்குமிடத்து, அப்படியே தொடர்கிறது. 377-ஆம் பிரிவுக்கு இணையான எதுவும் புதிய சட்டத்தில் சேர்க்கப்படவில்லை. இசைவுடன் வாழும் பெரியவர்களுக்கு உச்ச நீதிமன்றம் 2018-இலேயே விடுதலை அளித்துவிட்டதால், அப்பிரிவில் எஞ்சியிருந்தது இசைவற்ற செயல்களைத் தண்டிக்கும் பகுதியே. இப்போது அதுவும் இல்லை. பதினேழு வயது மாணவன் ஒருவன் விடுதியில் வல்லுறவுக்கு ஆளானால் போக்சோவின் கடுமையான பிரிவுகளும், சிறப்பு நீதிமன்றமும், இழப்பீட்டு விதிகளும் அவனுக்கு உண்டு. பதினெட்டு வயது நிறைந்தபின் அதே விடுதியில் அதே செயல் நிகழ்ந்தால், காயம் விளைவித்தல், சட்டவிரோதமாக அடைத்துவைத்தல் போன்ற பொதுப் பிரிவுகளின்கீழ்தான் அவன் புகார் எழுதப்படும்.